பூஸ்டர் நானாவும் பத்தாவது வயரும்

கண்டிப் பக்கத்தில் ஆகாயத்தோடு நேருக்கு நேர் நின்று வாய்ச்சண்டை பிடித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பூஸ்டர் நானா. மழை மேகம் திரண்டால் நாங்கள் எல்லாம் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். அவர் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சிலாப்பில் ஏறி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நேத்தும் இந்த வேலதான் பாத்த. இன்னைக்கும் வந்தீக்கியா?" என்று மேகத்தைப் பார்த்துக் கேட்பார். மேகம் பதில் சொல்லாது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வென்றது தாம்தான் என்று முடிவுசெய்து இறங்கி வந்து, என் மனைவி கொடுக்கும் பிளேன் டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. திகனயில் பிறந்து கெலிஓயாவில் கடை போட்டவர். எங்கள் சந்து முனையில் ஆள் ஒருவர் பக்கவாட்டில் நுழையக்கூடிய அகலத்தில் ஒரு கடை. டிஷ் அன்டெனாவுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு வயரைப் பல வயராகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், ஒரு டிஷ்ஷிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுவிட்ச், நோஞ்சான் சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கும் பூஸ்டர். இதில் பூஸ்டர் மீதுதான் அவருக்குப் பக்தி. உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் நடுவில் ஒரு பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார்.

சலூன்காரருடைய வானொலி கரகரக்கிறது என்று சொன்னதற்கு அதிலும் ஒரு பூஸ்டரைச் சொருகினார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் இரண்டு நிலையங்கள் ஒன்றாகப் பேசின. ஒன்றில் கிரிக்கெட் வர்ணனை, மற்றதில் மரண அறிவித்தல். அன்னார் நாற்பத்திரண்டு ஓட்டங்களுடன் காலமானார் என்று நானே என் காதால் கேட்டேன். பாதி சவரத்தில் சிரித்து, தாடையில் வெட்டு வாங்கியவனும் நானே. நானாவிடம் போய்ச் சொன்னால், "ஒரு ஸ்டேஷன் காசுக்கு ரெண்டு கேக்குது. இதுக்கும் குறையா?" என்றார்.

எங்கள் சந்தில் ஒன்பது வீடுகள். எட்டு வீட்டுக்கு மேல் பலா மரங்கள் கவிந்திருந்தன. வானம் தெரிவது எங்கள் சிலாப்பிலிருந்து மட்டும்தான். ஆகவே ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே டிஷ், எங்கள் தலைக்கு மேல். நம் ஊரில் டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்துதான் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், காகம் குளிக்கும், பலா இலை மிதக்கும். நானா அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை இறக்கினார். அது நேராக எங்கள் குசினி யன்னல் வழியாக அடுப்பில் இறங்கியது. அதற்கு மட்டும் பூஸ்டர் தேவைப்படவில்லை.

ஒரு டிஷ்ஷில் ஒன்பது வீடு என்றால் ஒரு சிக்கல் உண்டு. அதை நானா எங்களுக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். வானத்திலிருந்து வரும் சேனல்கள் இரண்டு சாதி. பாதி நின்றுகொண்டு வரும், பாதி படுத்துக்கொண்டு வரும். டிஷ்ஷின் நடுவில் இருக்கும் மூக்கு ஒரு நேரத்தில் ஒரு சாதியைத்தான் வாங்கும். வீட்டில் டிவியோடு இருக்கும் சேனல் பெட்டியிலிருந்து பதின்மூன்று வோல்ட் போனால் மூக்கு நிற்கும், பதினெட்டு போனால் படுக்கும். இதில் படுக்கிற கட்சிக்குத்தான் பலம் அதிகம். எட்டு வீட்டார் நிற்கிற சேனல் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்பதாவது வீட்டில் ஒருவன் படுக்கிற சேனலுக்கு மாற்றினால் போதும், எட்டுத் திரையிலும் நீலம்தான். "ஒலகமே அப்பிடித்தான் தம்பி. எட்டுப் பேர் நிமிந்து நின்டாலும் ஒருத்தன் படுத்தான்டா வேல நின்டு போகும்" என்பார். எங்கள் காரியாலயத்தை மனதில் வைத்துக்கொண்டு நான் மறுபேச்சுப் பேசவில்லை.

இதற்கு ஒழுங்கான சுவிட்ச் ஒன்று கொழும்பில் கிடைக்கும் என்று அவருக்கே தெரியும். ஆனால் அதைப் போடாமல் சட்டம் போட்டார். மாலை ஆறிலிருந்து எட்டுவரை எல்லாரும் நிற்கவேண்டும், அது நாடக நேரம். எட்டுக்குப் பிறகு படுக்கலாம். கிரிக்கெட், நம் துரதிர்ஷ்டம், படுக்கிற சேனலில் வந்தது. ஐந்தாம் வீட்டு சிறில் கிரிக்கெட் பைத்தியம். தபாற்கந்தோரில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர். ஆனாலும் ஒரு விக்கெட்டுக்காக நாடகத்து மருமகள் அழுகிற கட்டத்தில் சந்து முழுவதையும் இருட்டாக்கிய குற்றம் இரண்டு மூன்று தடவை அவர்மீது நிரூபணமாயிருந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் படம் போனாலும் நானாவின் தீர்ப்பு ஒன்றுதான்: "அஞ்சாம் வீட்டுல படுத்தீக்காங்க."

குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவர் கையில் இருந்த ஆயுதம் அவருடைய நாக்கு. ஆமாம், நாக்குதான். மீட்டர் ஒன்று வைத்திருந்தார், அதன் பற்றரி செத்து வருஷக்கணக்கு. சிலாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டு வயராகக் கழற்றி அதன் நுனியை நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "பதிமூணு இனிக்கும், பதினெட்டு கடிக்கும்" என்பது அவர் சாஸ்திரம். நாக்கில் வைத்தே இன்ன வீட்டில் பெட்டி பழசு, இன்ன வீட்டில் வயர் நனைந்திருக்கிறது என்று சொல்லுவார். யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். நான் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரே ஒரு மாதம் அந்த நாக்குக்கு லீவு. நோன்பு மாதம். கரண்டு நோன்பை முறிக்குமா என்று பள்ளிவாசலில் மௌலவியிடமே கேட்டிருக்கிறார். மௌலவி வெகுநேரம் யோசித்து, "அது வயித்துக்குப் போகுதா?" என்று கேட்டாராம். "வயித்துக்குப் போகாது ஹஸ்ரத், மண்டைக்குப் போகும்" என்றாராம் நானா. "சந்தேகமான காரியத்த விட்டுடுங்க" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நோன்பு மாதத்தில் எங்கள் சந்தில் படம் போனால் போனதுதான், நோன்பு திறக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

இப்போது பாக்கியம் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலாம் வீடு. கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கெலிஓயா பேக்கரி ஒன்றில் பணிஸுக்கு மா உருட்டுகிற வேலை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரே ஒரு அக்கா. பெயர் செல்லம்மா. தோட்டத்துச் சனங்களைப் பங்குபோட்டு இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் கல்யாணம் கட்டிய புருஷனோடு கப்பல் ஏறியவள். பாக்கியத்துக்கு அப்போது பதினொரு வயது. கோத்தகிரிப் பக்கம் குடியேறிய அக்கா வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுவாள். பிறகு அந்த மலைப்பக்கம் பெருமழை, மண்சரிவு என்று செய்தி வந்தது. அதோடு கடிதம் நின்றது. மூன்று வருஷமாகப் பாக்கியம் அக்கா போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிற மாதிரி கைக்குக் கை போன் இல்லாத காலம். "செத்துட்டாள்னு ஒரு வரி வந்தாலும் தலைய முழுகிட்டு அழுவேன். ஒண்ணுமே தெரியாம எப்படி இருக்கிறது?" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை நாடகத்துக்கு நடுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பாக்கியம் அக்கா சந்துக்கு ஓடிவந்தாள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒரு பெண்கள் நிகழ்ச்சி. மலைப்பக்கத்துப் பெண்கள் வந்து விளையாடுகிறார்களாம். அதில் இரண்டு செக்கன் ஒரு முகம்.

"எங்க அக்காங்க. கொண்டைய அப்படித்தான் ஒரு பக்கமா போடுவா."

"இத்தன வருசத்துக்கு அப்புறம் ரெண்டு செக்கன்ல எப்படிங்க தெரியும்?" என்றேன் நான். எனக்கு எப்போதுமே வாய் முந்தும்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் என் மனைவி.

நானா சேனல் பெயரை மட்டும் கேட்டார். "அந்தச் சேனல் நிக்கிற சாதி. தங்கச்சி, நீங்க யோசிக்க வேணாம். ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்கு இந்தச் சந்துல ஒருத்தரும் படுக்க ஏலாது. நான் பொறுப்பு" என்றார். சனிக்கிழமை வீடுவீடாகப் போய் அறிவித்தார். சிறிலிடம் மட்டும் இரண்டு தடவை போனார். அன்றைக்குப் பார்த்துக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். "மாதாவாணை தொட மாட்டேன்" என்று சிறில் நெஞ்சில் கைவைத்துச் சொன்னதை நானே பார்த்தேன்.

ஞாயிறு. நோன்பு மாதம் வேறு. பத்தே முக்காலுக்குப் பாக்கியம் அக்கா குளித்து, நல்ல சேலை உடுத்து, தொலைக்காட்சியைப் போட்டாள். நீலம். சிக்னல் இல்லை.

சந்து கூடிவிட்டது. நானா வெள்ளை ஜுப்பாவோடு ஓடிவந்தார். வந்ததும் வராததுமாக, "சிறில், நீங்க படுத்தீக்கீங்க" என்றார்.

சிறில் அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தார். உள்ளே போனார். வயரைப் பிடுங்கி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுச்சந்தில் வந்து நின்றார். "இந்தா பெட்டி. இப்ப யாரு படுத்திருக்கான்னு சொல்லுங்க நானா." அதைப் பார்த்து மற்ற வீட்டாரும் ரோஷத்தோடு அவரவர் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். எட்டுப் பெட்டிகள் சந்தில் வெயில் காய்ந்தன. பாக்கியம் அக்கா வீட்டில் மட்டும் ஒன்று ஓடியது. அங்கே அப்போதும் நீலம்தான்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. நானாவும் நானும் சிலாப்பில் ஏறினோம். ஸ்பிளிட்டர்கள் எல்லாவற்றையும் மழைக்குப் பயந்து சைக்கிள் டியூப், தார், பொலித்தீன் என்று சுற்றிச் சுற்றி ஒரு பலாக்காய் அளவுக்கு உருட்டி வைத்திருந்தார். கத்தியால் கீறினார். உள்ளே எல்லாம் கறுப்பு வயர். ஒன்றிலும் எழுத்து இல்லை.

"நானா, பாக்கியம் அக்கா வயர் எதுன்னு தெரிஞ்சா அதை மட்டும் நேரா டிஷ்ஷுல மாட்டிடலாமே. எது யாருதுன்னு எழுதி வைக்கலியா?"

"நாக்கு ஈக்கேக்க எழுத்து எதுக்கு?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நோன்பு. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, வாயத் தொறங்க."

நான் அரச உத்தியோகத்தன். கையெழுத்துப் போட்டால் செல்லும். அப்படிப்பட்டவன் ஞாயிறு காலையில் மொட்டைச் சிலாப்பில் முழங்காலிட்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு சிங்களப் பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை.

முதல் வயர், ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, செத்த வயர்கள். நாலாவதில் ஒரு விறுவிறுப்பு.

"இனிக்குதா, கடிக்குதா?"

"எனக்கென்ன தெரியும் நானா. புளிக்குது."

"புளிச்சா இனிப்புதான். அது தங்கச்சிட வயர். கெட்டியாப் புடிங்க. மத்தது எல்லாம் பாத்து முடிங்க, எவன்டு தெரியணும்."

"நேரம் போகுது, இதை மாட்டுங்க."

மாட்டப் போனார். அவசரத்தில் கத்தி பட்டு வயர் நுனியிலிருந்த பித்தளைத் தலை கழன்று தார்க் குவியலுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. நானாவின் சட்டைப்பையில் எந்த நேரமும் இருபது முப்பது பித்தளைத் தலைகள் கிடக்கும், கல்யாண வீட்டில்கூட நடந்தால் கிலுகிலுக்கும். ஜுப்பாவில் பை இல்லை. அவர் மொட்டைச் செப்புக் கம்பியை டிஷ் மூக்கின் துளையில் செருகி இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்தார். "கேளுங்க" என்றார்.

"வருதா?" என்று கத்தினேன்.

சந்து முழுக்க ஒரே குரலில், "வருது."

மணி பதினொன்று பத்து. இறங்கி ஓடலாம் என்று திரும்பும்போது மிச்ச வயர்களில் ஒன்று என் கையில் இருந்தது. அதன் நுனி உள்ளங்கையில் பட்ட இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏன் செய்தேன் என்று இன்றும் தெரியாது, அதையும் நாக்கில் வைத்தேன். கடித்தது. அப்படியொரு கடி. கண்ணில் தண்ணீர் வந்தது. வயர்களை எண்ணினேன். ஒன்பது வீட்டுக்குப் பத்து வயர்.

பத்தாவது வயர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பலாக் கிளை வழியாக, சந்து முனைக்குப் போனது. அங்கே வீடு இல்லை. நானாவின் பூட்டிய கடைதான் இருந்தது.

அவரும் பார்த்துவிட்டார். சனிக்கிழமை மாலை புதுப் பூஸ்டர் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் நோன்பு திறக்கும் அவசரத்தில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி உள்ளே இரவெல்லாம் படுக்கிற சேனலில் ஓடியிருக்கிறது. சனிக்கிழமை நாடகம் இல்லாத நாள், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. படம் வந்துவிட்டது. பழி சிறில் தலையில் இருக்கிறது, அது அங்கேயே இருந்துவிட்டுப் போகலாம். நான் வாயை மூடிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன், நாக்கும் அந்த நிலைமையில் இருந்தது. நானா கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் நீட்டிக் கைப்பிடிச் சுவருக்கு மேலால் கூப்பிட்டார்.

"சிறில். படுத்தது நான். என்ட கடைப் பெட்டி. நீங்க மாப்பு செய்யணும்."

சிறில் கக்கத்துப் பெட்டியோடு அண்ணாந்து பார்த்தார். "சரி நானா, கைய அசைச்சிடாதீங்க" என்றார்.

நான் இறங்கி ஓடினேன். நாலாம் வீட்டு முன்னறையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். திரையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு நிமிஷத்துக்குள் யார் அதிகமாக வளையல் போடுகிறார்கள் என்ற போட்டி. மற்றவர்கள் ஒவ்வொன்றாக ஒழுங்காகப் போட, ஓரத்தில் நின்ற பருத்த அம்மா ஒருத்தி இரண்டிரண்டாகச் சேர்த்துத் தள்ளினாள். நடத்துகிற பெண் பார்க்காத நேரம் பக்கத்துக்காரியின் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள்.

பாக்கியம் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கள்ளி" என்றாள். "பாத்தீங்களா, கள்ளி. சின்னதுல பல்லாங்குழி ஆடினாலும் இப்படித்தான் என் முத்த அள்ளுவா."

நடத்துகிற பெண் ஒலிவாங்கியை நீட்டிப் பேரைக் கேட்டாள். "செல்லம்மா. கோத்தகிரி. ஆனா பொறந்தது சிலோன்ல, கம்பளைங்க" என்றாள் அந்த அம்மா, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு. பாக்கியம் அக்கா சத்தம் போட்டு அழுதாள். என் மனைவி அழுதாள். சிறில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது எனக்கே நன்றாகத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறாள், பருத்திருக்கிறாள், களவு செய்கிறாள், வேறென்ன வேண்டும். அந்தச் சேனலுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் செல்லம்மாவின் கையெழுத்தில் பதில் வந்தது. மண்சரிவில் லயத்து வீடு போய், வேறு தோட்டத்துக்குக் குடிமாறிப்போனார்களாம். பாக்கியத்தின் விலாசம் எழுதிய தகரப்பெட்டியும் மண்ணோடு போயிருந்தது.

ஆனால் அன்றைக்கு, நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடத்தொடங்கியபோதுதான் எனக்கு நானாவின் ஞாபகம் வந்தது. சிலாப்பில் ஏறினேன். உச்சி வெயில். சிலாப் காலைச் சுட்டது. ஜுப்பா முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு காய்ந்திருந்தது, அன்று விடியற்காலைக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர். குந்தியிருந்தபடியே, அமுக்கிய விரலை அமுக்கியபடியே இருந்தார். அவர் மட்டும்தான் எதையும் பார்க்கவில்லை.

"அக்காவா?" என்று கேட்டார்.

"அக்காதான் நானா."

"நல்லா ஈக்காவா?"

"நல்லா இருக்காங்க. நல்லா சிரிக்கிறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினார். கை மட்டும் அசையவில்லை.

"முடிஞ்சு போச்சு நானா. பேர் போகுது. கையை எடுங்க."

"பொறுங்க தம்பி" என்றார். "கடைசில ஒருக்கா திரும்பக் காட்டுவாங்க. தங்கச்சி பாத்துக்கட்டும்."